புதுப்பிப்பு: டெல்லி மயூர் விஹார் மொட்டைமாடியில் சூரிய மின்சாரம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மொட்டைமாடியில் அனைவரும் சேர்ந்து சூரிய மின்தகடுகள் அமைக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. டெல்லித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழு வழியாக அறிமுகமான துவாரகா பொறியாளர் அம்மா ஒருவர் நேரிலேயே வந்து, குளிர்காலப் பிற்பகலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை நீளும் என்பதைச் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையக்கூடும் என்பதால், தகடுகளை வைக்கும் வரைபடத்தையே மாற்றிவிட்டோம். முன்பின் பழக்கமில்லாத எங்களுக்காக அவர் வெயிலில் நின்றதை நான் மறக்கமாட்டேன்.

செலவைப் பொறுத்தவரை, வீட்டுக்கூரைச் சூரிய மின்சாரத்துக்காக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஆகவே லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே சரியென்று கருதுகிறேன். ஒரே அமைப்பின் மின்சாரத்தைப் பல வீடுகளின் கட்டணத்தில் பங்கிட்டுக் கழிக்கும் மெய்நிகர் நெட் மீட்டரிங் முறைக்கு டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. அது எங்கள் அடுத்த கட்டம்.

இப்படிச் சேர்ந்து அமைத்த மின்தகடுகளில், வீட்டை விற்றுச் செல்பவரின் பங்கை எப்படி மாற்றுவது என்பதை ஏற்கெனவே எழுத்தில் வகுத்துள்ள சங்கத்தினர் யாரேனும் இருந்தால், அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பகிர வேண்டுகிறேன்.