டிகிரி இல்லன்னா கமிட்டில உக்கார கூடாதா?

காசிமேடு கரை:
நேத்து பெரம்பூர் சார் போட்டத படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. நம்ம ஃபுட்பால் சங்கத்து நிர்வாகக் கமிட்டிக்கு டிகிரி முடிச்சவங்கள மட்டும் போடணுமாம், இல்லன்னா கணக்கு நாறிடுமாம். எங்க அம்மா மூணாங்கிளாஸ். விடியக்காலைல மீன் ஏலத்துல கூடை எடுத்து, யாரு எவ்ளோ பாக்கின்னு ஒரு துண்டுசீட்டு இல்லாம இன்னிக்கும் சொல்லுவாங்க. அவங்களுக்கு கணக்கு தெரியாதா? கோடி கோடியா புரளுற கம்பெனில டைரக்டரா வரதுக்கே 2013 கம்பெனி சட்டம் டிகிரி கேக்கல சார். ஆனா 12 மாசம் நடந்த போர்டு மீட்டிங் ஒண்ணுக்கு கூட வரலன்னா பதவி காலி, 167வது பிரிவு. நம்மளுது கம்பெனி இல்லதான், ஆனாலும் சட்டம் எத பெருசா நினைக்குதுன்னு பாருங்க.

பெரம்பூர் சார்:
மனசுல இருக்குற கணக்க ஆடிட்டர் ஒத்துக்குவாரா? பேலன்ஸ் ஷீட் படிக்க தெரியாம கையெழுத்து போட்டுட்டு நாளைக்கு யார் பதில் சொல்றது? டிகிரி வேணும்.

காசிமேடு கரை:
நீங்க முடிச்சது கெமிஸ்ட்ரி. அதுல பேலன்ஸ் ஷீட் வருதா?

ராயபுரம் அக்கா:
ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா. கமிட்டில உக்காந்தா மொத வேலை கேள்வி கேக்குறது. தன்னோட சொந்தக்காரங்களுக்கு ஆர்டர் போவுதுன்னா முன்னாடியே சொல்லிட்டு, ஓட்டு போடாம ஒதுங்கி நிக்கணும். போன வருசம் ஜெர்சி தைக்க குடுத்தப்ப யார் ஒதுங்குனாங்க?

பெரம்பூர் சார்:
இன்னா மேடம், என் மச்சானதான சொல்றீங்க? அவன் ரேட்டு கம்மி.

ராயபுரம் அக்கா:
ரெண்டே மேட்ச்ல சாயம் போச்சு. கம்மி ரேட்டாம்.

காசிமேடு கரை:
ஜெர்சிய விடுங்கக்கா, டிகிரிக்கு வாங்க. 1918ல இதே பெரம்பூர்ல பின்னி மில் தொழிலாளிங்கள சேத்து சென்னை தொழிலாளர் சங்கம் வந்துச்சு, அதுக்கு ஓடியாடுன செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் வியாபாரம் பண்ணவங்க. அவங்க கிட்ட யாராவது டிகிரி கேட்டாங்களா?

பெரம்பூர் சார்:
அந்த சங்கத்துக்கு தலைவரா பி.பி. வாடியாவதான உக்கார வெச்சாங்க? பத்திரிகைல எழுதுனவரு, படிச்சவரு. எங்க ஏரியா கதைய எனக்கே சொல்லாத.

காசிமேடு கரை:
கூட்டத்துக்கு கூட்டம் வந்து நின்னாரு சார் அவரு, அதான் தலைவரு. நீங்க கடைசியா எந்த மீட்டிங்குக்கு வந்தீங்க? மினிட்ஸ் நோட்டு என் கிட்ட இருக்குது, ஆறு மீட்டிங்ல உங்க கையெழுத்து ஒண்ணே ஒண்ணு, அதுவும் பிரியாணி போட்ட அன்னிக்கு. பையனுங்க மழைல கிரவுண்டுல தண்ணி எறச்சிகினு இருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? கமிட்டின்னா வரணும், பாஸ்புக்க கேட்டு வாங்கி பாக்கணும், தெரியலன்னா தெரியலன்னு சொல்லி ஆடிட்டர் கிட்டயே கேக்கணும். டிகிரி அப்புறம்.

பெரம்பூர் சார்:
எனக்கு ஷிஃப்டு. அத பேசாத. டிகிரி வேணும்னு சொன்னேன், இப்பவும் அதான் சொல்றேன்.

ராயபுரம் அக்கா:
அந்த ஜெர்சி பில்லு எங்க? ஞாயித்துக்கிழமை எடுத்துகினு வாங்க.