கிளப் சாவி உங்கள் கைக்கு எப்படி வந்தது? பல்கலைக்கழக விளையாட்டு கிளப் அனுபவங்கள்

ஹாக்கி செயலாளர்:

இரண்டாம் ஆண்டு முடிகிற சமயம் என்னை ஹாக்கி கிளப் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட்டது நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்த அக்கா, விடுதியைக் காலி செய்கிற அவசரத்தில் ஒரு சாவியையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலையும் கையில் திணித்து, "பார்த்துக்கோடா, எல்லாம் இதுலயே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஃபைலைத் திறந்தால் ஒரு உறுப்பினர் பட்டியல், முந்தைய ஆண்டின் போட்டி அட்டவணை. அவ்வளவுதான்.

அதே மாதம் கால்பந்து கிளப்போடு தகராறு. சனிக்கிழமை மாலை மைதானம் யாருக்கு? "எப்பவுமே எங்களுக்குத்தான்" என்று நாங்களும் சொன்னோம், அவர்களும் சொன்னார்கள். இரண்டு பக்கமும் பொய் இல்லை. அவரவர் சீனியர் சொன்னதை அப்படியே சொன்னோம். விளையாட்டு அலுவலகத்தில், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இருவரிடமும் இல்லை.

அந்த வாரம்தான் ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். பயிற்சி முடியும்வரை எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், என்னிடம் வந்து, "அந்த நீல நோட்டு இன்னும் இருக்கா தம்பி?" என்று கேட்டார். எந்த நீல நோட்டு? எனக்குப் புரியவில்லை. அவரே கருவி அறைக்கு வந்து, இரும்பு அலமாரியின் அடித்தட்டைக் காட்டினார். கிழிந்துபோன கோல்கீப்பர் பேடுகளை எடுத்துப் போட்டால், அடியில் நீலக் காலிக்கோத் துணி அட்டை போட்ட ஒரு நீளமான நோட்டு. ஈரம் பட்டு முதல் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. புரட்டினால் ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்து மாறுகிறது, மை மாறுகிறது. "நிர்வாகக் குழுக் கூட்டம், வந்திருந்தோர்" என்ற தலைப்பு மட்டும் மாறவே இல்லை.

நடுவில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: "கால்பந்துக்காரர்களுடன் பேசி முடிவு. சனி மாலை நமக்கு. பதிலுக்கு நம் புதன் பிற்பகல் அவர்களுக்கு." கீழே இரண்டு கையெழுத்து. அவர் ஒன்றின் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, "இது நான். இன்னொருத்தன் என் ரூம்மேட்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போகவில்லை. நேராகக் கால்பந்து கேப்டனிடம் காட்டினேன். அவன் இரண்டு முறை படித்தான். "அப்போ புதன் எங்களுக்கு வந்திருக்கணுமே?" என்றான். வாஸ்தவம். எத்தனையோ ஆண்டுகளாகப் புதன்கிழமையும் நாங்கள்தான் ஆடிக்கொண்டிருந்தோம். சரி என்று புதனை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தோம். இப்போது அந்த ஏற்பாடு இரண்டு கிளப் ஃபைலிலும் இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி யாரையாவது, எதையாவது சந்தித்த அனுபவம் இருக்கும். சொல்லுங்கள்.

விசில்:

படித்ததும் எனக்கு 1848இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளியிலிருந்து வந்த மாணவனும் தன் பள்ளியில் ஆடிய கால்பந்தையே கால்பந்து என்று நம்பிய காலம். ஒரு பள்ளியில் பந்தைக் கையில் எடுத்து ஓடலாம், இன்னொன்றில் கூடாது. ஒரே மைதானத்தில் இறங்கினால் சண்டைதான். அதனால் பல பள்ளி மாணவர்கள் ஓர் அறையில் கூடி, மாலை 4 மணியிலிருந்து ஏறக்குறைய நள்ளிரவு வரை உட்கார்ந்து பொது விதிகளை எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லாருமே மாணவர்கள்.

அந்த 1848 தாள் இன்று ஒரு பிரதிகூட இல்லை! கிடைத்திருப்பதில் பழையது 1856ஆம் ஆண்டுப் பிரதி. முதல் கூட்டம் எப்படி நடந்தது என்பதுகூட, அதில் இருந்த மால்டன் என்பவர் 1897இல் எழுதிய ஒரு கடிதத்தால்தான் தெரிகிறது. 49 ஆண்டு கழித்து, நினைவிலிருந்து எழுதியது. அவரும் எழுதாமல் போயிருந்தால்?

நான் துறைகளுக்கு இடையேயான எழுவர் கால்பந்துக்கு நடுவராக இருந்தேன். ஆஃப்சைடு உண்டா இல்லையா என்று முதல் ஆண்டுப் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அடித்துக்கொண்டார்கள். "எங்க ஸ்கூல்ல இப்படித்தான் சார்" என்று ஒவ்வொருவனும் ஒன்று சொன்னான். இரண்டு கேப்டனையும் பெஞ்சில் உட்காரவைத்து ஏழு வரி எழுதி, கருவி அறைக் கதவில் ஒட்டினோம். ஒரு பிரதியை ஃபைலிலும் வைத்தேன். கதவில் ஒட்டியது அடுத்த மழையோடு போய்விட்டது.

ஷட்டில் கணக்கு:

நான் பேட்மிண்டன் கிளப் பொருளாளர். ஆண்டுத் தொடக்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் 60 பேர், சந்தா கட்டியவர்கள் 22 பேர். நிதி ஒதுக்கீட்டுக் கூட்டத்துக்கு அந்த 60ஐ எழுதிக்கொண்டு போனேன். மாணவர் விளையாட்டுக் குழுவில் கணக்குப் பார்க்கிற அக்கா பட்டியலைப் புரட்டவே இல்லை. "போன வருஷம் எத்தனை டப்பா ஷட்டில் தீர்ந்தது?" என்று ஒரே கேள்வி. எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும்போது முகம் சுட்டது.

அவர் திட்டவில்லை. கூட்டம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். தேதி, வந்தவர் எண்ணிக்கை, பிரித்த டப்பா. அந்தத் தாளை அறைக் கதவின் உள்பக்கம் தொங்கவிட்டோம், கூடவே நூலில் ஒரு பென்சில். டப்பா பிரிக்கிறவர் எழுதியாக வேண்டும். அடுத்த ஆண்டு கேட்ட தொகை குறைக்கப்படாமல் கிடைத்தது. வங்கியிலிருந்து பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து என்ற விதியையும் அப்போதுதான் கொண்டுவந்தோம். நம்பிக்கை இல்லாமல் அல்ல, நாளைக்கு யாரும் யாரையும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதிய முதல் விளையாட்டுப் போட்டி, 1852இல் நடந்த ஹார்வர்ட்–யேல் படகுப் போட்டி. அதற்கு மாணவர்களின் செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பெனி. வேடிக்கை பார்க்கக் கூட்டம் ரயிலில் வரும் என்ற கணக்கு. 1869இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் பக்கத்துக்கு 25 பேராக ஆடிய கால்பந்தும் மாணவர்களே ஏற்பாடு செய்ததுதான். பிறகு அந்த ஆட்டம் அமெரிக்கக் கால்பந்தாக மாறி, முரட்டுத்தனமாகி, மைதானத்தில் உயிர்கள் போகத் தொடங்கின. 1905இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டே தலையிட்டார். 1906இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன, 1910இல் அதன் பெயர் என்.சி.ஏ.ஏ. (தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) ஆனது. காலப்போக்கில் அங்கே பெரிய அணிகள் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் கைக்குப் போயின. மாணவர்களே நடத்தும் கிளப்புகள் தனியாக நின்றன.

எனக்கு அந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும். பேருந்தை நாமே பிடிக்க வேண்டும், முதலுதவிப் பெட்டியை நாமே நிரப்ப வேண்டும். ஆனால் இருபது வயதில் ஒரு வரவு செலவுக் கணக்கைப் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று வாசிக்க வேறு எங்கே கற்றுக்கொள்ள முடியும்?

காக்ஸ்:

எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில் வழி சொல்லும் காக்ஸ் நான். முன்னோக்கி உட்கார்ந்திருப்பது நான் ஒருத்திதான். மற்ற எட்டு பேருக்கும் போகிற வழி தெரியாது, என் குரலை நம்பித்தான் இழுப்பார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் படகு கிளப் தனி, பெண்கள் படகு கிளப் தனி. நல்ல படகுகளும் நல்ல நேரமும் அவர்களுக்கு. நாங்கள் இருட்டில் தண்ணீரில் இறங்கி, வெளிச்சம் வரும்போது கரையேறுவோம். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். பொதுக்கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு (கோரம்) மூன்று பேர் குறைந்தது. ஒரு தோழி விடுதிக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேரை எழுப்பிக் கூட்டிவந்தாள். தீர்மானம் நிறைவேறியது.

அன்று கூட்டத்துக்கு ஒரு பழைய மாணவி வந்திருந்தார். ஆக்ஸ்ஃபோர்ட்–கேம்பிரிட்ஜ் போட்டி பற்றி அவர் சொன்னது மனதில் நிற்கிறது. ஆண்கள் போட்டி 1829இல் தொடங்கியது. பள்ளித் தோழர்களான சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த், சார்லஸ் மெரிவேல் இருவரும் வெவ்வேறு பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு போட்ட சவால் அது. பெண்கள் போட்டி 1927இல்தான் வந்தது. அதிலும் இரண்டு படகும் பக்கம் பக்கமாகப் போக விடவில்லை, துடுப்புப் போடும் நேர்த்திக்கும் சேர்த்து மதிப்பிட்டார்கள். ஆண்கள் போட்டியிடும் அதே நதிப்பாதையில் அதே நாளில் பெண்கள் இறங்கியது 2015இல். "88 வருஷம்மா" என்று என் கையைப் பிடித்தபடி சொன்னார். இப்போது எங்கள் படகு நேரம் சுழற்சிப் பட்டியலில் இருக்கிறது. ஆண்களும் இருட்டில் இறங்குகிறார்கள்.

டி.டி. மேசை:

எங்கள் டேபிள் டென்னிஸ் கிளப் இப்போது இல்லை. சண்டையும் இல்லை, கடனும் இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர், கேப்டன் என நான்கு பேரும் இறுதியாண்டு. நான்கு பேரும் ஒரே வாரத்தில் பட்டம் வாங்கிப் போனோம். அடுத்த ஆண்டு பதிவைப் புதுப்பிக்கும் படிவத்தை நிரப்ப ஆளில்லை. பிறகு ஒருமுறை போனபோது அந்த மேசையின் மேல் தேர்வு விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன. குழுவில் குறைந்தது இரண்டு பேராவது ஜூனியராக இருக்க வேண்டும் என்று உங்கள் விதிகளில் தயவுசெய்து எழுதிவிடுங்கள்.

ஹாக்கி செயலாளர்:

டி.டி. மேசை அண்ணா, நீங்கள் சொன்ன விதியை நேற்றே வரைவில் சேர்த்துவிட்டேன்.

நாளை எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம். செயலாளர் பொறுப்புக்கு இந்த முறை இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவர் முதலாண்டு மாணவி. நீல நோட்டில் 11 பக்கம் மிச்சம். அதே அளவில் இன்னொரு காலிக்கோ நோட்டு வாங்கி அட்டை போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது ஒரே வரிதான்: "பழைய நோட்டு அலமாரி அடித்தட்டில், கோல்கீப்பர் பேடுகளுக்குக் கீழே."