ஆயர் ஈத்தாம் வீட்டார் குழு

வெள்ளிக்கிழமை, காலை 9:04

சுமதி சித்தி: எல்லோருக்கும் வணக்கம். தாத்தா வீட்டு மர அலமாரியைக் காலி செய்துவிட்டேன். 30ஆம் தேதி சாவி வேண்டும் என்று வீட்டுக்காரத் தவுக்கே மறுபடியும் சொல்லிவிட்டார்.

சுமதி சித்தி: (படம்)

சுமதி சித்தி: கடைசித் தட்டில் கறுப்புக் காகிதம் சுற்றி இந்தப் புட்டி இருந்தது. உள்ளே நல்ல சிவப்புத் தூள். மாமனார் கையெழுத்தில் சாதிலிங்கம் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. நாளைக்கு மீனா நலங்குக்கு இதையே குங்குமமாக வைக்கலாமா? மாமாவே வந்து ஆசீர்வாதம் செய்தது மாதிரி இருக்கும்.

ராஜன் பெரியப்பா: நல்ல யோசனை.

சீதா அத்தை: அப்பா கைராசி.

தினேஷ்: பெயரிலேயே சாதி இருக்கிறது. பெரியப்பாவுக்குப் பிடிக்காமல் போகுமா?

ராஜன் பெரியப்பா: டேய். அது முடிந்துபோன பேச்சு.

மீனா: முடிந்துவிட்டதா அப்பா? சரி.

ரவி மாமா: வேண்டாம். யாரும் புட்டியைத் திறக்க வேண்டாம். கடையில் வரிசையில் நிற்கிறேன். 10 நிமிடத்தில் விவரமாக எழுதுகிறேன்.

தினேஷ்: விவரமாகவாம். எல்லோரும் பசியாறிவிட்டு வாருங்கள்.

9:21

ரவி மாமா: சாதிலிங்கம் குங்குமம் இல்லை. குங்குமம் மஞ்சளில் செய்வது. மஞ்சளோடு சுண்ணாம்போ வெண்காரமோ சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் நீங்களே பார்ப்பதுதான். சாதிலிங்கம் மண்ணுக்கடியிலிருந்து வெட்டி எடுக்கும் கனிமம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. 100 கிராமில் 86 கிராம் பாதரசம். சந்தேகம் இருந்தால் சுமதி அந்தப் புட்டியைக் கையில் தூக்கிப் பார்க்கட்டும், திறக்காமல். இந்தக் கனிமம் தண்ணீரைவிட 8 மடங்கு கனம். ஸ்பெயினில் அல்மதேன் என்ற ஊரில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக இதை வெட்டினார்கள். ஒரு காலத்தில் கைதிகளைத் தண்டனையாகச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அந்தச் சுரங்கத்தையும் ஸ்லோவேனியாவில் இத்ரியா சுரங்கத்தையும் சேர்த்து 2012இல் யுனெஸ்கோ

ராஜன் பெரியப்பா: மாப்பிள்ளை, சுருக்கமாக.

ரவி மாமா: பாதியில் அனுப்பிவிட்டேன். மீதியை எழுதுகிறேன்.

மீனா: வைக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள் மாமா.

ரவி மாமா: கூடாது.

சுமதி சித்தி: தூக்கிப் பார்த்தேன். கையை இழுக்கிறது. சின்னப் புட்டிதான்.

சுமதி சித்தி: ஆனாலும் அண்ணா, மாமா இதை மருந்தாகவே கொடுத்தாரே. பாசார் சந்தையில் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயிற்றுக்குள் போனதே ஒன்றும் செய்யவில்லை, நெற்றியில் வைத்தால் என்ன?

லதா அக்கா: மருந்து வேறு, புட்டியில் இருப்பது வேறு சித்தி.

ரவி மாமா: அதேதான். சித்த வைத்தியத்தில் லிங்கத்தை அப்படியே கொடுக்க மாட்டார்கள். முதலில் சுத்தி, அதாவது சுத்தம் செய்வது. எலுமிச்சைச் சாறு, பசும்பால், குப்பைமேனிச் சாறு மூன்றையும் சம அளவு கலந்து, இரும்புக் கரண்டியில் லிங்கக் கட்டியை வைத்து, சூட்டில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சுருக்குக் கொடுப்பது என்று சொல்வார் மாமா. அதற்கப்புறம்தான் லிங்கச் செந்தூரம். லிங்கத்தை வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் பாத்திரத்தில், ஏற்றிப் பாதரசத்தைத் தனியாக இறக்குவதும் உண்டு. அதை வீட்டுக்குள் செய்ததால்தான் அத்தை சண்டை போட்டு அடுப்பையே கொல்லைக்குத் துரத்தினார்.

சீதா அத்தை: அம்மா சண்டை போட்டது பாலுக்கு. பிள்ளைகளுக்கு வைத்த பாலை எடுத்து அப்பா கல்லுக்கு ஊற்றினார்.

ராஜன் பெரியப்பா: எனக்கு வைத்த பால்.

சீதா அத்தை: எல்லாமே உனக்கு வைத்ததுதான் அண்ணா.

லதா அக்கா: பாட்டி எதற்குத் துரத்தியிருந்தாலும் நல்லதுதான். சாதிலிங்கத்தைச் சூடாக்கினால் பாதரச ஆவி வரும். மூச்சில் போனால் நுரையீரல் வழியாக இரத்தத்தில் ஏறி மூளைவரை போகும். சித்தி, தயவு செய்து சாம்பிராணித் தட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

லதா அக்கா: சீட்டையும் முழுதாக நம்ப வேண்டாம். ஈயச் செந்தூரமும் சிவப்புத்தான். பார்வையில் பிரிக்க முடியாது.

தினேஷ்: (படம்)

தினேஷ்: காகிதம் கிழிந்த இடத்தில் மட்டும் தூள் கறுத்துப்போயிருக்கிறது. அலமாரியின் கண்ணாடிக் கதவுப் பக்கம். காலாவதியா?

ரவி மாமா: வெளிச்சம் பட்டால் சாதிலிங்கம் கறுக்கும். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரிக்காரர்கள் சுவருக்கு இந்தச் சிவப்பைப் பூசிவிட்டு வெயிலில் கறுக்கிறது என்று தவித்தார்கள். மேலே மெழுகு பூசச் சொல்லி விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் எழுதிவைத்திருக்கிறார். மாமா கறுப்புக் காகிதம் சுற்றியது சும்மா இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும்.

சீதா அத்தை: உயிரோடு இருந்தபோது இதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

10:02

மீனா: ஒரு நிமிடம். என் வரவேற்புச் சேலைக்குக் கடை ரசீதில் சினபார் சிவப்பு என்று போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால் ஆங்கிலத்தில் சினபார் என்பதே இந்தச் சாதிலிங்கம்தானாம்!

தினேஷ்: சின்ன பாரா? பெரிய பார் எங்கே என்று பெரியப்பா கேட்கிறார்.

ராஜன் பெரியப்பா: டேய்.

ரவி மாமா: கடைக்காரர் நிறத்துக்குச் சொல்லும் பெயர் அது. சேலையில் இருப்பது சாயம். உன் சிநேகிதி கொடுத்த சிவப்புச் செதுக்குப் பெட்டி இருக்கிறதே, அதையும் சினபார் பெட்டி என்றுதான் விற்பார்கள். சீனாவில் ஒருவகை மரத்தின் பாலில் இந்தச் சிவப்பைக் கலந்து பூச்சுமேல் பூச்சாகப் பூசி, தடித்ததும் செதுக்குவார்கள். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் செயற்கைப் பிசின் வார்ப்பு.

மீனா: அதில்தான் தாலியை வைத்திருக்கிறேன்.

லதா அக்கா: வை. ஒன்றும் ஆகாது. பெட்டியை அடுப்பில் ஏற்றாதே.

சுமதி சித்தி: இங்கே வேறு கதை. பக்கத்துச் சீனக் கோயில் பெரியவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஜூஷா, ஜூஷா என்கிறார். சாதிலிங்கத்துக்குச் சீனப் பெயராம். மந்திரச் சீட்டு எழுத வேண்டுமாம். 200 வெள்ளி தருகிறேன் என்கிறார்.

ராஜன் பெரியப்பா: 200ஆ? கொடுத்துவிடு.

லதா அக்கா: கொடுக்காதீர்கள்! அந்தச் சீட்டை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுப்பது உண்டு.

சீதா அத்தை: அப்பா பொருளை விற்பதா? அவர் மருந்து அரைத்த கல்வம் போனதே போதாதா?

சுமதி சித்தி: கல்வமா? அண்ணி, அத்தை காரியத்தன்று அது உங்கள் கார் பின்னால்தான் போனது. நானும் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டேன்.

ராஜன் பெரியப்பா: இத்தனை நாள் ரவி விற்றுவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ரவி மாமா: மச்சான்!

சீதா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சீதா அத்தை: எடுத்துப்போனேன், திருடவில்லை. சுங்கை பட்டாணி வீட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது. தினமும் புழங்குகிறேன், உங்களை மாதிரி மூலையில் போடவில்லை. காலையில் அதில்தான் இஞ்சி தட்டுகிறேன்.

தினேஷ்: இஞ்சியா?

லதா அக்கா: எதில் அத்தை?

சீதா அத்தை: கல்வத்தில். உங்கள் மாமாவுக்கு இஞ்சித் தேநீர் இல்லாமல் விடியாது.

தினேஷ்: மாமா?

தினேஷ்: நீல டிக் விழுந்துவிட்டது. எழுதுகிறார். நிறுத்திவிட்டார். மறுபடியும் எழுதுகிறார்.

ரவி மாமா: குழியின் அடியில் ஒரு சிவப்புக் கோடு இருக்குமே, அது எப்போதிலிருந்து?

சீதா அத்தை: வந்தபோதே இருந்தது. கல்லின் நிறம் என்று நினைத்தேன். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

லதா அக்கா: பயப்பட வேண்டாம். சாதிலிங்கம் தண்ணீரில் கரையாது, குடலிலிருந்து உடம்பில் ஏறுவதும் மிகக் குறைவு. ஆனால் அந்தக் கல்வத்தில் தாத்தா வேறு என்னென்ன அரைத்தாரோ. இன்றோடு நிறுத்துங்கள். திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லி இருவரும் சிறுநீரில் பாதரசம் இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய நச்சு மையம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. புட்டியைப் பற்றியும் அவர்களிடமே கேட்கலாம்.

தினேஷ்: மாமா இவ்வளவு நீளமாக எழுதும் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் புரிகிறது.

சீதா அத்தை: வாயை மூடு. எனக்குக் கை நடுங்குகிறது.

ராஜன் பெரியப்பா: இவ்வளவு தொல்லை எதற்கு? புட்டியைக் கடலில் போட்டுவிடலாம். அப்பா சாம்பலையும் அங்கேதானே கரைத்தோம்.

லதா அக்கா: பெரியப்பா, கடலா?

ரவி மாமா: ஜப்பானில் மினமாத்தா என்ற ஊரில் தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீனில் ஏறி, மீன் தின்ற ஊரே நோயில் விழுந்தது. அந்த நோய் வெளியே தெரிந்தது 1956இல். கடலும் வேண்டாம், குப்பைத் தொட்டியும் வேண்டாம். நான் சுற்றுச்சூழல் இலாகாவில் விசாரிக்கிறேன். அதுவரை மூடி இறுக்கமாக இருக்கட்டும். தரையில் சிந்தியிருந்தால் துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ வேண்டாம், கையுறை போட்டு ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியையும் பையில் கட்டிப் புட்டியோடு வையுங்கள்.

தினேஷ்: மாமா தேறிவிட்டார்.

சுமதி சித்தி: எதுவும் சிந்தவில்லை. புட்டியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். அலமாரி யார் வீட்டுக்கு என்று சொல்லுங்கள். லோரி 11 மணிக்கு வருகிறது.

சீதா அத்தை: அலமாரி எனக்கு என்று அப்பா சொன்னது எல்லோருக்கும் தெரியும்.

ராஜன் பெரியப்பா: எனக்குத் தெரியாது.

சுமதி சித்தி: யார் எடுத்தாலும் புட்டியும் சேர்த்துத்தான்.

ராஜன் பெரியப்பா: அப்படியானால் சீதாவே எடுத்துக்கொள்ளட்டும்.

சீதா அத்தை: கல்யாணம் முடியட்டும், பேசலாம்.

மீனா: நலங்குக்குக் குங்குமம்?

தினேஷ்: வேலை முடிந்து லிட்டில் இந்தியா பக்கம் போகிறேன். எத்தனை பாக்கெட்?

ரவி மாமா: வாங்குவதற்கு முன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

ராஜன் பெரியப்பா: மாப்பிள்ளை, நீங்கள் இன்றைக்குக் காபி குடியுங்கள்.

சுமதி சித்தி: லோரி வந்துவிட்டது. எந்த வீட்டு முகவரி சொல்வது?