போனில் அழைக்கும்போதே "நெட்வொர்க் மார்க்கெட்டிங்" என்று சொல்லிவிடலாமா?

தாழம்பூ
புரோட்டீன் பவுடர், சோப்பு விற்கும் டைரக்ட் செல்லிங் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். பைனரி பிளான் (ஒவ்வொருவருக்கும் கீழே லெஃப்ட், ரைட் என்று இரண்டு பக்கம் ஆள் சேர்ப்பது). அப்லைன், அதாவது எனக்கு மேலே இருப்பவர், தரும் பாடம் இது: "போன்ல கம்பெனி பேரைச் சொல்லாதீங்க. ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கன்னு கூட்டிட்டு வாங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்." பட்டியலில் முதல் பெயர் தாய்மாமா. முன்கூட்டியே எதை, எவ்வளவு சொல்ல வேண்டும்?

சட்டப்புள்ளி
2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளைப் படியுங்கள். விற்பனைப் பேச்சைத் தொடங்கும்போதே நீங்கள் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். முன்பே நேரம் கேட்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. "மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

சேர்வதற்குக் கட்டணம் கேட்டாலோ, ஆள் சேர்த்ததற்கே காசு கொடுத்தாலோ உடனே விலகிவிடுங்கள். அது பிரமிட் திட்டம். 1978-ம் ஆண்டு பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் பாயும். "சேர்வது இலவசம், ஆனால் 12,000 ரூபாய் கிட் வாங்கினால்தான் ஐடி (உறுப்பினர் கணக்கு) ஆக்டிவ் ஆகும்" என்றால் அந்த இலவசத்தை நம்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
மாமாவிடம் மறைக்கவே கூடாதது மாதாந்திர ரீபர்சேஸ், அதாவது மாதாமாதம் மறுபடி பொருள் வாங்குவது. எடுத்துக்காட்டுக்கு, ஐடி ஆக்டிவாக இருக்க மாதம் 3,000 ரூபாய்க்குப் பொருள் எடுக்க வேண்டும், கமிஷன் 1,800 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேடையில் சொல்வது "மாதம் 1,800 வருமானம்". அந்தப் பொருளை அவர் வெளியே விற்காமல் அலமாரியில் அடுக்கினால் கைநட்டம் 1,200. பஸ் செலவு, மீட்டிங் ஹாலுக்கான டிக்கெட் தனி. அப்லைனிடம், செக் போட்டோ காட்டுவதை விட்டுவிட்டு, வருமான வரித் தளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிடிஎஸ் (முன்கூட்டியே வரி) பிடித்த கமிஷன் அதில் இருக்கும். அதிலிருந்து சொந்தக் கொள்முதலைக் கழித்தால்தான் உண்மைக் கணக்கு.

பைனரி என்பதால் இதையும் சொல்லுங்கள்: லெஃப்ட், ரைட் இரண்டு பக்கமும் பாயிண்ட் சேர்ந்தால்தான் ஜோடிக் கமிஷன். ஒரு பக்கம் நூறு பேர் ஓடினாலும் மறுபக்கம் படுத்துவிட்டால், படுத்த பக்கத்தின் அளவுக்குத்தான் காசு.

"ஆளுக்கு ஐந்து பேர்" என்று போர்டில் வட்டம் போடுவார்கள். 11-வது அடுக்கில் 4,88,28,125 பேர், 12-வதில் 24 கோடிக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்ததே 7.21 கோடி. அந்த வட்டம் முழுசாக நிரம்பினாலும், எந்த நிலையில் நின்றாலும், ஐந்தில் நாலு பேர் கடைசி வரிசையில், கீழே ஆளில்லாமல்தான் இருப்பார்கள். இது அந்தப் படத்தின் அமைப்பு. "உழைக்கலை, அதான் வரலை" என்று அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

வைரவேல்
இதையெல்லாம் சொன்னா எவன் சார் மீட்டிங்குக்கு வருவான்?

கணக்குப்பிள்ளை
குறைவாகத்தான் வருவார்கள். மறைத்துக் கூட்டி வந்தால், ஹாலில் கைதட்டலைப் பார்த்ததுமே மாமாவுக்குப் புரிந்துவிடும். முகத்துக்காக ஒரு ஐடி போடுவார், அடுத்த மாதம் ரீபர்சேஸ் நிற்கும், உங்கள் பைனரியில் அந்தப் பக்கமும் நிற்கும். சொந்தத்தில் பேச்சும் நிற்கும்.

மருந்துக்கடை
பொருளைப் பற்றி ஒன்று. "சர்க்கரை குணமாகும்" என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்ற விளம்பரத்துக்கு 1954-ம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை. ஹெல்த் சப்ளிமென்ட் டப்பா லேபிளிலேயே "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வரியைக் காட்டிவிட்டே விற்கலாம்.

தாழம்பூ
அப்படியானால் மாமாவுக்கு இப்படி அனுப்பலாமா? "மாமா, நான் ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனியில் இருக்கேன் (பெயர்). நீங்க சேர்ந்தா எனக்கும் கமிஷன் வரும். மாசம் 3,000-க்குப் பொருள் எடுக்கணும். விருப்பம் இருந்தா ஞாயிறு வந்து விளக்கறேன், இல்லைன்னா விட்ருவோம்."

சட்டப்புள்ளி
நன்றாக இருக்கிறது. "எனக்கும் கமிஷன்" என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி அப்லைன் நெருக்குவார், எடுக்காதீர்கள். சேர்ந்தால், ஒப்பந்தத்தில் கூலிங் ஆஃப் காலம் (அபராதமில்லாமல் விலகிக்கொள்ளும் அவகாசம்) எத்தனை நாள் என்று பார்த்து, கடைசித் தேதியை மாமா கையாலேயே காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். அதுவரை டப்பா சீலைப் பிரிக்க வேண்டாம், பில்லும் பத்திரம். பணம் திரும்ப வராமல் இழுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 வேலை மணி நேரத்துக்குள் ஒப்புகை வர வேண்டும். வரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.