இல்லாததைச் சொல்லி அறிமுகமாகும் ஊர்

சென்ற கோடையில் அம்மாவின் முழங்கால் சிகிச்சைக்காகப் பன்னிரண்டு நாள் வேலூரில் தங்க நேர்ந்தது. காலையில் அவரைப் பார்த்துவிட்டு வந்தால் மறுபடி மாலையில்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், இடைப்பட்ட நேரத்தில் கால்போன போக்கில் நடந்து, எதிர்ப்பட்டவர்களிடம் பேச்சுக் கொடுப்பதே என் வேலையாயிற்று. திருநெல்வேலிக்காரனான எனக்கு, தாமிரபரணி, நெல்லையப்பர், அல்வா என்று இருப்பதை அடுக்கித்தான் ஊரைச் சொல்லிப் பழக்கம். வேலூர்க்காரர்களோ இல்லாததிலிருந்து தொடங்குகிறார்கள்.

காட்பாடிச் சந்திப்பில் இறங்கி ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர், பாலாற்றுப் பாலத்தை எட்டுவதற்குள் அந்த வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டார். “தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்ட, சாமி இல்லாத கோயிலு, மரம் இல்லாத மல. அவ்ளோதான் சார் எங்க ஊரு.” பின்னர் வேறு நான்கு பேரிடமும் இதையே கேட்டேன், வரிசை மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறியது. ஆனால் இவர் சொன்ன கையோடு பாலத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, கீழே விரிந்து கிடந்த மணலைக் காட்டினார். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதாம். வேடிக்கை பார்க்கப் பாலத்தின் மேல் நிற்க இடமில்லையாம். “எம் பையனுக்கு அப்போ பதினோரு வயசு சார். ஆறுன்னா மணலுன்னே நெனச்சிக்கினு இருந்தான்.”

கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில், குளிர்ந்த தூணொன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த பெரியவரிடம், ஊர் தெரிந்தவன் போல இந்தச் சொலவடையை நான் எடுத்துவிட்டது பிழையாகப் போயிற்று. “அது பழைய கணக்கு தம்பி,” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல், வழிபாடும் இல்லாமல், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வெறும் சிற்பக் கூடமாக நின்ற கோயில் அது. சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து மறுபடி நிறுவினார்கள். செய்தி பரவியதும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்த கூட்டத்தில் தானும் இருந்ததாகவும், கருவறைப் பக்கமே நெருங்க முடியாமல் கொடிமரத்தருகே நின்று கும்பிட்டுத் திரும்பியதாகவும் அவர் சொன்னார். சொல்லும்போது வலது கை தானாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. “சாமி வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சி. பாட்ட மட்டும் ஏன் மாத்த மாட்டேங்கறானுங்க?”

ராஜா விஷயத்துக்கும் மறுப்பு வந்தது, பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி இருக்கும் இடம் அது. ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு, 1832இல் வேலூரிலேயே இறந்தவர். “ராஜா இல்லன்னு எவன் சொன்னது? பாதி ராஜாங்க இங்கதானே காவல்ல இருந்தாங்க,” என்றார் கடைக்காரர். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவர் குடும்பத்தாரையும் இந்தக் கோட்டையில்தான் வைத்தார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று அதே கல்கத்தாவிலிருந்து நோயாளிகள் சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி ரயிலேறி வருகிறார்கள். காந்தி சாலையின் விடுதிப் பலகைகளில் தமிழுக்குச் சமமாக வங்காள எழுத்து இருக்கிறது. முதல் நாள் என் பெட்டியைப் பார்த்ததும் ஓடிவந்த பையன், “ரூம் சாஹியே?” என்றுதான் கேட்டான், நான் தமிழில் பதில் சொன்னதும் அவனுக்கு முகம் விழுந்துவிட்டது.

கடைசி நாள் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் வாங்கினேன். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைக் கடைக்கார அம்மாவிடம் சொன்னபோது, அவர் அசரவில்லை. ஒரு காயை எடுத்து, என் கட்டைவிரலைக் காம்பின்மேல் வைத்து அழுத்தினார். சுருக்கென்று குத்தியது. “குத்திச்சா? அப்போ எங்க ஊரு காய்தான். பேரு எவன் குடுத்தா இன்னா?”

அவரிடமும் அந்தச் சொலவடையைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் ஆம்பளைங்க டீக்கடையில குந்திக்கினு சொல்றது. இல்லாததத் தேடித்தேடிச் சொல்றாங்களே, இந்த வெயில ஒருத்தனாவது சொன்னானா?” என்றபடி, நிறுத்த காய்க்கு மேல் இரண்டைப் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு, நனைத்த சாக்கை இழுத்துக் கூடையை மூடினார்.