புகைக்கரியும் கார்பனும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிந்த நாள்

மொழிபெயர்ப்பு என் தொழில். காற்று மாசு பற்றிய ஒரு கட்டுரையில் புகைக்கரி வந்த இடத்திலெல்லாம் 'கார்பன்' என்று போட்டுவிட்டேன். கறுப்பாக இருப்பது கார்பன்தானே என்ற நினைப்பு. படித்துப் பார்த்த வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஒரே ஒரு வரியில் விரல் வைத்தார். புகைக்கரி சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், மழையோடு இறங்கிவிடும் என்பது மூலம். நான் எழுதியபடி பார்த்தால், காற்றில் கலக்கும் கார்பன் எல்லாமே சில வாரங்களில் போய்விடும் என்றாகிறது. நிறமே இல்லாத கரியமில வாயுவில் இருப்பதும் கார்பன்தான். அதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் தாண்டியும் காற்றில் நிற்கும். ஒரு சொல் மாறியதில் பொருளே தலைகீழாகிவிட்டது.

அப்புறம் அவர் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினார். எவர்சில்வர் கரண்டியின் அடிப்புறத்தை மஞ்சள் சுடருக்குள் பிடித்தார். இரண்டு மூன்று நொடியில் மை அப்பியது போல் கறுத்தது. இன்னொரு கரண்டியைச் சுடருக்கு ஒரு சாண் மேலே பிடித்தார். பளபளப்பு அப்படியே இருந்தது. "இங்கேயும் கார்பன் போய்க்கொண்டுதான் இருக்கிறது. முழுதாக எரிந்து வாயுவாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை" என்றார். சுடருக்கு மஞ்சள் நிறம் வருவதே உள்ளே கரித்துகள்கள் கனல்வதால்தானாம். அந்தக் கறுத்த கரண்டியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

கார்பன் ஒரு தனிமம், அணு எண் 6. வைரமும் அதுதான், பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் அதுதான். புகைக்கரி அரைகுறையாக எரிந்ததன் மிச்சம். பெரும்பகுதி கார்பன் என்றாலும், தார் போன்ற நச்சுப்பொருட்களும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதியிருக்கிறார். அங்கே போய் 'கார்பன்' என்று எழுதினால் அது பெரிய தவறு. அன்றிலிருந்து புகைக்கரி என்றே எழுதுகிறேன்.

மறுமொழி: நான் வண்டி வேலை பார்ப்பவன். 'பிளக்குல கார்பன் அடைச்சிருக்கு' என்றுதான் பட்டறையில் சொல்வோம். தொட்டால் விரலில் வெல்வெட் மாதிரி ஒட்டும் அந்தக் கறுப்புப் பொடி புகைக்கரிதான் என்று இதைப் படித்தபின் தெரிகிறது. பெட்ரோல் கூடி, காற்று குறைந்தால் அப்படி ஆகும். பிளக்கை மட்டும் துடைத்து மாட்டினால் போதாது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் மறுபடியும் கறுத்துப்போய்தான் வரும்.