கைலி சொல்லாத இடுப்பளவு

ரங்கூன், வயது 67:
முப்பது வருஷமாக என் எடை 60 கிலோ, உயரம் 5 அடி 5 அங்குலம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் இங்கே எல்லோரையும் போல நானும் கைலிதான். பேன்ட் போடுகிறவனுக்குப் பட்டன் சொல்லிவிடும். கைலியைத் தளர்த்திச் செருகிக்கொண்டால் தொப்பை வந்ததே தெரியாது.

போன மழைக்காலத்தில் மகள் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் வைத்து, மூச்சை விடச் சொல்லி அளந்தார். 97 செ.மீ. நம் தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80தான் எல்லையாம். வயதானால் கை கால் சதை கரையும், வயிற்றுக்குள் கொழுப்பு ஏறும், தராசு அசையாமல் நிற்கும் என்றார்.

முந்தின வருஷம் வேறொரு கிளினிக்கில் மொத்தக் கொலஸ்டிரால் 188, நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது பிரித்துப் பார்த்தால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 240, நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் வெறும் 34! அழற்சியைக் காட்டும் சிஆர்பி 14. பயந்துவிட்டேன். "பல் வீங்கியிருக்கிறதே, ஆறட்டும். 10க்கு மேல் போனால் அது இதயக் கணக்கில் வராது" என்றார். மூன்று வாரம் கழித்து 3.6. அதுவும் இதயத்துக்கு அதிக ஆபத்து என்கிற எல்லையான 3ஐத் தாண்டினதுதான். வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம். அது சுரப்பதைக் கேட்டு ஈரல் சிஆர்பியை உண்டாக்குகிறதாம்.

மோல்மேன், வயது 62:
அண்ணே, இதைப் படித்ததும் வீட்டுக்காரரை அளக்கப் போனேன். தொப்பைக்கு அடியில், கைலி முடிச்சோரம் டேப்பைச் சுற்றி, மூச்சையும் பிடித்துக்கொண்டு 34 அங்குலம் என்கிறார். சரியான இடத்தில் வைத்தால் 39. அப்புறம் என்னை அளந்தார்: 35. இரண்டுமே எல்லையைத் தாண்டினதுதான். இரண்டு பேரும் அன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை. சிஆர்பி ஒன்று மட்டும் எடுத்தால் போதுமா?

ரங்கூன், வயது 67:
போதாதும்மா. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகைப் பழக்கம் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார் டாக்டர். தினமும் காலையில் கந்தோஜி ஏரிப் பக்கம் நடக்கிறேன். நாலு கிளாஸ் கண்டென்ஸ்டு பால் டீ ஒன்றாகிவிட்டது. மொஹிங்கா என்ற மீன் சூப் நூடுல்ஸில் நொறுக்கிப் போடும் பருப்பு வடையை விடத்தான் மனசு வரவில்லை. ஆறு மாதத்தில் இடுப்பு 93. எடை ஒரே ஒரு கிலோதான் இறங்கியது, ஆனால் கடைத்தெருவில் கைலி இரண்டு முறை நழுவப் பார்த்தது.